மாதண்ட நாயகர் படைக்குச் சோறு

ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் சரித்திர நாவல்களை ஒன்றுவிடாமல் படிக்கும் பெரியவர். தறியை விட்டு எழுந்து வந்தவர் கேட்டார்:

"ஐயா, உங்கள் கதையில் மாதண்ட நாயகர் வருகிறார், மீசையை முறுக்குகிறார், வாளை உருவுகிறார். எல்லாம் சரி. அந்தப் படைக்குச் சோறு யார் போடுகிறார்கள்?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் காஞ்சிபுரம் திரும்பும் வரையில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்டவருக்கு அந்த உரிமையும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்ற பெயரில் சோழப் படைகள் பல வருகின்றன. அதே கைக்கோளர் என்ற பெயர்தான் நெசவாளர் மரபுக்கும் வழங்குகிறது.

தண்டம் என்றால் கோல், தண்டனை, படை என்றும் பொருள். தண்டநாயகர் படைத்தலைவர். 'மா' சேர்ந்தால் அந்தத் தலைவர்களுக்கும் மேலானவர். ஆனாலும் அது எல்லையற்ற அதிகாரமன்று. பஞ்சவன் மாராயரைக் கல்வெட்டு குறிப்பிடும்போது, கங்க மண்டலத்துக்கும் வேங்கி மண்டலத்துக்கும் மகாதண்டநாயகர் என்கிறது. பட்டத்தோடு எல்லையும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

நாங்கள் எல்லையை விட்டுவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். என் முதல் சரித்திர நாவலில் ஒரே அத்தியாயத்தில் மூன்று மாதண்ட நாயகர்கள் வருகிறார்கள்! மூவரில் யார் சொல்லை யார் கேட்பது என்று எனக்கே தெரியாது.

கல்கிக்கு இது தெரிந்திருந்தது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் வடதிசைப் படைக்கும், அருள்மொழிவர்மன் தென்திசைப் படைக்கும் மாதண்ட நாயகர்கள். ஆனால் பொக்கிஷமும் தஞ்சைக் கோட்டைக் காவலும் பழுவேட்டரையர்கள் கையில். ஈழத்திலிருக்கும் படைக்கு இங்கிருந்து உணவு அனுப்புவதா, வென்ற நாட்டிலேயே பெற்றுக்கொள்வதா என்று தகராறு கிளம்புகிறது. அத்தனை பெரிய பட்டம் பெற்ற இளவரசன் அரிசிக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் பட்டம் நமக்கு உண்மையாகிறது. அவனுடைய அதிகாரம் எங்கே முடிகிறது என்று தெரிந்த பிறகுதான், அது எவ்வளவு பெரியது என்பதும் தெரிகிறது. வாள்வீச்சு எத்தனை பக்கம் வந்தாலும் இதைச் செய்துவிடாது.

அடுத்த நாவலில் எனக்கு ஒரே ஒரு மாதண்ட நாயகர் போதும். வாளை உருவுமுன் அவர் நெற்களஞ்சியத்தை எட்டிப் பார்ப்பார். இல்லாவிட்டால், தண்டம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் வழங்கும் இன்னொரு பொருளை ஐயம்பேட்டைப் பெரியவர் நினைவூட்டுவார். "உங்கள் நாயகர் சாப்பிடுவது தண்டச் சோறு, ஐயா!" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விடுவார்.