வலியை எழுதிட்டோம், இன்பத்தை?

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தில் ஒரு மனைவியின் உடல் மேடையேறிப் பேசியது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இளங்கோவனின் 'தலாக்'. 1998இல் தமிழில் அரங்கேறிய நாடகம். கணவனின் வன்புணர்வைப் பற்றி ஓர் இந்திய முஸ்லிம் பெண் வாய்விட்டுப் பேசுகிறாள். எதிர்ப்பு கிளம்பியது. 2000இல் ஆங்கில மேடையேற்றத்துக்கு உரிமம் மறுக்கப்பட்டது. மனைவியை வன்புணரும் கணவனுக்கு இங்கே இருந்த சட்டப் பாதுகாப்பு முழுசாக நீங்கியதோ 2020 ஜனவரி 1 அன்றுதான்.

வலியைப் பேசவே இவ்வளவு பாடு. அவளுடைய இன்பத்தை யார் எழுதினார்கள்?

தமிழ்நாட்டில் தொடங்கினார்கள். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது தலைப்புக்கே வசை விழுந்தது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் பெண்கள் தங்களுக்குள் கூச்சமில்லாமல் காமம் பேசுகிறார்கள். இவை வந்த பிறகும் நம்ம சிறுகதைகள் பலவற்றில் கலவி என்றால் பூ மலரும், மழை பெய்யும், ஆண் களைத்துத் திரும்பிப் படுப்பான். காட்சி முடிஞ்சுது. அவளுக்கு என்ன ஆச்சு? எழுதியவருக்கே தெரியலையோ என்று தோன்றும்.

தெரியாமல் இருப்பதற்குப் பெரிய மரபே உண்டு. பெண் முதிர்ச்சி அடையும்போது அவள் இன்பம் கிளிட்டோரிஸிலிருந்து யோனிக்கு இடம் மாற வேண்டும் என்று 1905இல் ஃபிராய்ட் எழுதினார். 'தலாக்' அரங்கேறிய அதே 1998இல்தான் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் தன் உடற்கூறு ஆய்வை வெளியிட்டார். வெளியே தெரியும் சின்ன மொட்டு வெறும் நுனி. உள்ளே யோனியின் இருபுறமும் கால்களும் குமிழ்களுமாக அந்த உறுப்பு விரிந்து கிடக்கிறது. கருவில் ஆண்குறி எந்தத் திசுவிலிருந்து வளர்கிறதோ அதே திசுவிலிருந்துதான் இதுவும் வளர்கிறது. புணர்ச்சி மட்டும் பல பெண்களை உச்சத்துக்குக் கொண்டுபோகாததற்குக் காரணம் அவர்களுடைய குறை இல்லை, உடலின் அமைப்பு.

தமிழில் இதற்கு 'யோனிலிங்கம்' என்று ஒரு சொல் இருக்கு. பெண்ணின் உறுப்புக்குப் பெயரில்கூட லிங்கம் இரவல்! அந்தச் சொல்லும் கதைக்குள் வருவதில்லை. சிங்கப்பூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது இன்னும் சிக்கல். உயிரியல் பாடம் ஆங்கிலத்தில், தமிழ் தாய்மொழிப் பாடமாக மட்டும். தேக்காவில் அம்மாவோடு தமிழில் பூவும் காய்கறியும் வாங்கலாம். தன் உடலைப் பற்றி ஒரு கேள்வி கேட்க ஆங்கிலத்துக்குத்தான் தாவணும்.

எல்லாக் கதையும் உடற்கூறு வகுப்பு எடுக்கணும்னு சொல்லவில்லை. உருவகமும் வேண்டும். ஆனால் தெரிந்து வைக்கும் உருவகம் வேறு, தெரியாததை மூடும் உருவகம் வேறு. அடுத்த முறை ஒரு காதல் கதையை விமர்சிக்கும்போது இதையும் கேட்போம்: இந்தப் படுக்கையில் அவள் இருந்தாளா, அவளுக்கு என்ன பிடித்தது?