தமிழ் மின்பதிப்புகளில் கோப்பு வடிவத் தேர்வு: திருவலிதாயப் பதிகத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்
தமிழ் ஆய்வுலகில் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் நூல்களும் பெரும்பாலும் பிடிஎஃப் வடிவில் சேமிக்கப்படுகின்றன. எல்லாக் கணினியிலும் ஒரே தோற்றத்தில் திறப்பதால் இவ்வடிவமே நிலையானது என்னும் கருத்து வேரூன்றியுள்ளது. தோற்றம் நிலைப்பதும் பாடம் நிலைப்பதும் வேறு வேறு என்பதையும், பின்னதற்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கோப்பு வடிவம், குறியேற்றம், ஒருங்குறி, பிடிஎஃப், மின்பதிப்பு, திருவலிதாயம்

முன்னுரை
சென்னையின் மேற்கே அம்பத்தூரை அடுத்துள்ள பாடி, இன்று தொழிற்சாலைகளாலும் மேம்பாலத்தாலும் அறியப்படும் ஊர். தேவார மரபில் இவ்வூர் திருவலிதாயம். திருஞானசம்பந்தர் இத்தலத்தின் மீது பாடிய பதிகம் முதல் திருமுறையில் மூன்றாவதாக, நட்டபாடைப் பண்ணில் அமைந்துள்ளது. ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து குறுவட்டுக்கும், அங்கிருந்து இணையத்துக்கும் வந்த பாடம் என்பதால் இச்சிறு பதிகம் கோப்பு வடிவம் பற்றிய ஆய்வுக்கு ஏற்ற சான்றாகிறது.

எழுத்துருவைச் சார்ந்த பாடம்
ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் எட்டுத்துணுக்கு எழுத்துருக்களில் அமைந்தன. இவற்றுள் பல, உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வரிவடிவங்களை வைத்தவை. பாமினி எழுத்துருவில் 'பாடி' என்று தட்டச்சிட்டால் கணினியின் நினைவில் நிற்பவை ஜி, எச், பி என்னும் மூன்று உரோமன் எழுத்துகளே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஊர்ப்பெயர் பொருளற்ற எழுத்துக்கோவையாகிறது. வேறொரு நிறுவனத்தின் எழுத்துருவில் அதே பெயர் வேறு கோவையாகச் சேமிக்கப்பட்டிருக்கும்.

இதில் பாடச்சிக்கலும் உண்டு. பாமினியில் தட்டச்சிட்ட கோப்புகள் பலவற்றில் துணைக்காலுக்குரிய குறியோடு புள்ளி சேர்த்து 'ர்' ஆக்கும் வழக்கம் காணப்படுகிறது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் எழுதப்பட்ட ஏடுகளைப் படித்த பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட மயக்கம் இங்கு மீண்டும் தோன்றுகிறது. ஏட்டில் அதைத் தீர்த்தவர் யாப்பும் இலக்கணமும் கற்ற புலவர். இங்கோ தீர்ப்பு ஒரு மாற்றிமென்பொருளிடம் விடப்படுகிறது. அம்மென்பொருள் எழுத்தைத் தவறாக மாற்றினால் அத்தவறு பாடவேறுபாடாகவே பின்வருவோர்க்குத் தோன்றும்.

இதற்கு எதிர்ச்சான்று மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற இத்திட்டம் திஸ்கி குறியேற்றத்தைக் கைக்கொண்டது. பின்னர் அதன் நூல்கள் ஒருங்குறிக்கு மாறின. திஸ்கியும் எட்டுத்துணுக்குக் குறியேற்றமே. ஆயினும் அதன் அட்டவணை பொதுவில் விவாதிக்கப்பட்டு வெளியிடப்பட்டிருந்ததால் மாற்றம் இயல்பாக நிகழ்ந்தது. ஒரு கோப்பு நெடுங்காலம் பயன்பட அதன் அமைப்பு விதி பொதுவில் கிடைத்தாக வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

பிடிஎஃப் காப்பது எதை?
மேற்கண்ட குழப்பத்துக்குத் தீர்வாகவே பலர் பிடிஎஃப் வடிவை நாடினர். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துகொள்வதால் பக்கம் எங்கும் மாறாமல் தோன்றுகிறது. 2008இல் இது பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தரமாகவும் ஏற்கப்பட்டது. பக்க எண் சுட்டி மேற்கோள் காட்டும் ஆய்வு மரபுக்கு இவ்வடிவம் இன்றியமையாதது என்பதை மறுக்க இயலாது.

ஆனால் பிடிஎஃப் அடிப்படையில் வரிவடிவங்களைப் பக்கத்தில் இடம் குறித்து வைக்கும் ஏற்பாடு. எந்த வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பது அதனுள் தனி அட்டவணையாக இருக்க வேண்டும். எட்டுத்துணுக்கு எழுத்துருவில் அமைந்த ஆய்வேட்டைப் பிடிஎஃப் ஆக்கும்போது அவ்வட்டவணை உரோமன் எழுத்துகளையே சுட்டுகிறது. திரையில் 'பாடி' என்று தெளிவாகத் தெரியும். ஆனால் தேடினால் கிடைக்காது.

ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்தினாலும் இடர் முற்றும் நீங்குவதில்லை. ஒருங்குறியில் 'தே' என்பது தகரத்தின் பின் ஏகாரக் குறி என ஒலிமுறையில் சேமிக்கப்படும். பக்கத்திலோ இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன் நிற்கிறது. பிடிஎஃப் கோப்பிலிருந்து பாடத்தைப் படியெடுக்கும் மென்பொருள்கள் பல, கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பின்பற்றுகின்றன. அதனால் கொம்பு முன்னும் எழுத்து பின்னுமாகச் சிதைந்த சொற்கள் கிடைக்கின்றன. 'வலிதாயம்', 'பாடி' ஆகிய சொற்களில் இடப்புறக் குறி இல்லாமையால் அவை இவ்விடருக்குத் தப்பும். 'தேவாரம்', 'கோயில்', 'கொன்றை' ஆகியவை தப்பா. எகர, ஏகார, ஐகார, ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் அனைத்தும் இவ்விடருக்கு உட்பட்டவை. ஆகவே பிடிஎஃப் தொகுப்புகளில் தேடிச் சொல்நிகழ்வு எண்ணும் ஆய்வுகளின் முடிவுகள் ஐயத்துக்குரியவை. இவ்வாறு விடுபடும் சொற்கள் ஒரு சீராக விடுபடுகின்றன என்பதால் பிழை கண்ணில் படுவதும் அரிது.

நெடுங்காலச் சேமிப்புக்கென 2005இல் வந்த பிடிஎஃப்-ஏ தரத்திலும் இவ்வேறுபாடு ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. அதன் 'பி' நிலை தோற்றத்துக்கு மட்டுமே உறுதி தருகிறது. ஒவ்வொரு வரிவடிவுக்கும் ஒருங்குறி இணை வேண்டும் என்பது 2011இல் சேர்ந்த 'யு' நிலையின் விதி. 'பிடிஎஃப்-ஏ' என்று மட்டும் கேட்டு நிலையைக் குறிப்பிடாத நிறுவனம் பாடத்துக்கான உறுதியைக் கேட்கவில்லை என்றே பொருள். 'யு' நிலையும் எழுத்து வரிசைக்கு முழுப் பொறுப்பு ஏற்பதில்லை.

கணினித் தேவாரம்: ஒரு மதிப்பீடு
புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் 2007இல் குறுவட்டாக வெளியிட்ட 'கணினித் தேவாரம்' இங்குக் கருதத்தக்கது. ழான்-லுக் செவ்வியாரும் எஸ். ஏ. எஸ். சர்மாவும் உருவாக்கிய இத்தொகுப்பில் வி. மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில ஆக்கமும் இடம்பெற்றுள்ளது. குறுவட்டு இயக்கி இல்லாத மடிக்கணினிகளே இன்று மிகுதி. எனினும் இத்தொகுப்பு வழக்கொழியவில்லை. உலாவியில் திறக்கும் பக்கங்களாக அமைந்ததால் இணையத்தில் தொடர்ந்து பயன்படுகிறது. ஊடகம் பழமைப்பட்டபோதும் வடிவம் பொதுவானதாக இருந்தமையே இதற்குக் காரணம்.

தலங்களின் வழியாகப் பதிகங்களை அணுகும் வசதி இதன் மற்றொரு சிறப்பு. தேவாரத்தில் 'பாடி' என்று தேடுபவருக்குப் பாடுதல் என்னும் வினையின் எச்சமே மிகுதியாகக் கிடைக்கும், ஊர் கிடைக்காது. வலிதாயமே இன்றைய பாடி என்னும் செய்தி பாடத்துக்கு வெளியே, தலக்குறிப்பாக இணைக்கப்பட வேண்டியது. பக்கத்தின் படமாக நிற்கும் கோப்பில் இத்தகைய இணைப்புக்கு இடம் குறைவு. குறியிடப்பட்ட பாடத்தில் அது எளிது.

தேர்வுக்கான நெறிகள்
தமிழக அரசு 2010 சூனில் ஒருங்குறியையும் தேஸ்-16 முறையையும் தமிழ்க் குறியேற்றத் தரங்களாக அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் இந்திய அரசு மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. குறியேற்றம் பற்றிய வாதம் ஒருவாறு முடிந்த நிலையில் கோப்பு வடிவமே எஞ்சும் வினா.

2006இல் பன்னாட்டுத் தரமான ஓடிஎஃப் வடிவமும், 2008இல் தரமான டாக்எக்ஸ் வடிவமும் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளின் தொகுதிகளே. உரிய மென்பொருள் இல்லாவிடினும் அவற்றைப் பிரித்து உள்ளிருக்கும் ஒருங்குறிப் பாடத்தை மீட்கலாம். பழைய டாக் வடிவில் இவ்வெளிமை இல்லை. டாக்எக்ஸ் கோப்பு பரவலாகப் புழங்குவது உண்மையே. ஆயின் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் சார்ந்திராமல் அமைந்த ஓடிஎஃப் மூலக்கோப்புக்குக் கூடுதலாகத் தகுந்தது.

முடிவுரை
ஆய்வேட்டையும் கட்டுரையையும் மூன்று வடிவில் சேமிப்பது பொருந்தும்: திருத்துதற்குரிய ஓடிஎஃப் மூலம், தேடுதற்குரிய ஒருங்குறித் தனிப்பாடம், மேற்கோளுக்குரிய பிடிஎஃப்-ஏ 'யு' நிலைப் படி. பல்கலைக்கழகங்களும் ஆய்விதழ்களும் பிடிஎஃப் மட்டும் பெறும் வழக்கத்தைக் கைவிட்டு மூலத்தையும் பெற்றுக் காக்க வேண்டும். தம் கோப்பிலிருந்து ஒரு பத்தியைப் படியெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தாலே பாடத்தின் நிலை ஆய்வாளருக்குப் புலப்படும். கொம்பு முறையான இடத்தில் நின்றால் கோப்பு தேறும். இல்லையெனில், அக்கட்டுரையைக் கண்ணால் படிக்கலாமே தவிர, நாளைய ஆய்வாளர் அதைத் தேடிக் கண்டடைய இயலாது.