விசாரிக்கிற விதம்

பிரெஞ்சில் ‘கெஸ்தியோன்’ என்றால் கேள்வி. பழைய நீதிமன்ற மொழியில் அதற்கே சித்திரவதை என்றும் பொருள். ஆன்றி அலெக் 1958இல் வந்த தன் அல்ஜீரியச் சிறைநூலுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். நமக்கும் இது புதுசில்லை. ‘விசாரிக்கிற விதத்துல விசாரிச்சா உண்மை வந்துடும்’ என்று டீக்கடையில் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அந்த ‘விதம்’ என்னவென்று தெரியும்.

வதையை நியாயப்படுத்த வழக்கமாக ஒரு கதை உண்டு. எங்கோ குண்டு, வெடிக்கச் சில மணிநேரம், வைத்தவன் கையில் சிக்கியிருக்கிறான், என்ன செய்வீங்க? இதைப் பரவலாக்கியதில் ழான் லார்தெகியின் 1960ஆம் வருட நாவலுக்குப் பெரிய பங்குண்டு. இந்தக் கதையாடலுக்குள் எல்லாமே முன்பே தீர்மானமாகிவிடுகிறது: குண்டு இருக்கிறது, இவன்தான் ஆள், இவனுக்குத் தெரியும். ஆனால் 1957 ஜூனில், தடைசெய்யப்பட்ட பத்திரிகையின் ஆசிரியரான அலெக்கின் உடம்பில் மின்சாரம் பாய்ச்சிய பாராசூட் படையினர் கேட்டது குண்டைப் பற்றி அல்ல. தலைமறைவாக இருந்தபோது யார் வீட்டில் தங்கினாய் என்பதைத்தான். ஒரு பெயர் கிடைத்தால் அதிலிருந்து இன்னொரு பெயர். கதை விதிவிலக்கைப் பேசுகிறது. அறைக்குள் நடப்பதோ அன்றாட நிர்வாகம்.

இதற்கு நம் தோழர்கள் சொல்லும் பதில், ‘அடிச்சா உண்மை வராது, பொய்தான் வரும்’. எனக்கு இதில் நம்பிக்கையில்லை. அல்ஜியர்ஸ் நகரில் விடுதலை முன்னணியின் வலைப்பின்னலை 1957இல் மஸ்ஸுவின் படை உடைத்தது. அதில் வதைக்குப் பங்கே இல்லை என்று சாதிக்க முடியுமா? பயன் என்கிற தராசில் ஏறி நின்றால், ஒருமுறை பயன்பட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபனான் 1961இல் வந்த நூலில் தன்னிடம் வந்த ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பற்றி எழுதுகிறார். வேலையில் வதைக்கிறவன், வீட்டில் மனைவி பிள்ளைகளையும் அடிக்கிறான். டாக்டரிடம் அவன் கேட்டது வேலையை விட வழி அல்ல. மனம் உறுத்தாமல் அதே வேலையைத் தொடர வழி.

இன்னொன்று. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 1958இல் கபிலியா மலைகளில் அமிரூஷின் படை, உளவாளிகள் ஊடுருவிவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் தன் போராளிகளையே வதைத்துக் கொன்றது. சந்தேகத்தைத் தூண்டிவிட்டது பிரெஞ்சு உளவுத்துறை. ஆனால் வதைபட்டவன் வாயிலிருந்து வந்த பெயரையே சாட்சியமாக்கியது போராளிகள்தாம். தமிழில் இயக்க முகாமுக்குள் நடந்த இதே காரியத்தை 1985இலேயே கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ எழுதிவிட்டது. அலெக்கோடு சேர்த்து அதைப் படிக்கிற வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.