தாழ்வுபாட்டுக் கரைவலையும் நிலையியற் கணக்கும்

பொறியியற் பீடங்களிற் புகும் மாணவருக்கு நிலையியலையும் இயக்கவியலையும் கடினமான கணக்குகள் வாயிலாகவே கற்பித்தல் வேண்டும் என்பர் ஒருசாரார். லோனியின் நூல்களைப் பயின்ற தலைமுறையினர் இதனை ஐயமின்றி ஏற்றனர். நாமும் இதனை மறுக்கவில்லை. ஆயின், கடினம் என்பது யாது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

உயர்தர இணைந்த கணிதத்திற் பயிற்சி பெற்ற மாணவன் ஆப்பும் கப்பியும் கொண்ட சிக்கலான கணக்குகளை விரைந்து செய்கின்றான். அக்கடினம் பெரும்பாலும் அட்சரகணிதக் கடினமே. 1992 இல் ஹெஸ்டினிசும் அவர்தம் சகாக்களும் அமெரிக்காவில் வெளியிட்ட விசைக்கருத்துச் சோதனை, வழமையான கணக்குகளைச் செய்யவல்லோர் பலரும் விசை பற்றிய பிழையான எண்ணங்களைக் கைவிடாமையை உணர்த்திற்று.

மன்னார்த்தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் கரைவலை இழுப்போரை நோக்குவோம். கயிற்றைப் பற்றியவாறு அவர்கள் நிலப்பக்கமாக நகர்கின்றனர். மணல் அவர்தம் பாதத்தில் ஏற்படுத்தும் உராய்வு எத்திசையிலானது? 'உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்' என மனனஞ் செய்தவன் கடற்பக்கம் என்பான். உண்மையில், கயிற்றின் இழுவை அவர்களைக் கடலை நோக்கி இழுக்க, உராய்வே நிலப்பக்கமாகத் தாங்குகின்றது. பாதம் வழுக்காதவரை அது எல்லைப் பெறுமானத்தை அடையவேண்டியதுமில்லை. கயிறு கடலை நோக்கிச் சரிவதால், இழுவையின் நிலைக்குத்துக் கூறு செவ்வன் மறுதாக்கத்தைக் கூட்டிப் பிடிப்பை வலுப்படுத்துகின்றது. இனி, இரு கயிறுகளின் இழுவைகளும் சமமெனக் கொள்வோம். இடைக்கோணம் 120 பாகையாயின் விளையுள் ஓர் இழுவையளவே. 60 பாகையாயின் ஏறத்தாழ 1.73 மடங்கு. இரு அணியினரும் நெருங்கிவருவது மீனை மறிப்பதற்காயினும், அதனாற் பெறும் பொறிமுறை நயமும் உண்டு.

இக்கணக்கில் அட்சரகணிதம் நான்கு வரிகளே, சிந்தனையோ நெடியது. எதனைப் புறக்கணிக்கலாம், எதனைக் கூடாது என்பதை மாணவனே தீர்மானிக்கின்றான். பொறியியலாளனுக்கு வேண்டிய ஆற்றலும் அதுவே.

இதனால் மீனவனின் அனுபவமே விஞ்ஞானம் என்று நாம் கூறவில்லை. அனுபவத்தைக் கோட்பாடாக்கும் பணி ஆசிரியருடையது. தமிழிற் பயின்று வந்தவன் பீடத்தில் ஆங்கிலத்திற் கற்க நேரும் நிலையில், கடினமான கணக்கு மொழிப் புதிராக மாறும் அபாயமும் உண்டு. ஆதலின், முதலிற் படம் வரைவித்து, பிழையான விடையையும் தமிழில் விவாதித்து, அதன்பின் சமன்பாட்டுக்குச் செல்வதே முறை. அவ்வாறன்றிக் கொடுக்கப்படும் கடினமான கணக்கு, தனியார் வகுப்புக்குச் சென்றவனையும் செல்லாதவனையும் பிரிக்கும் வேலியாகவே அமையும்.