வாசலில் நின்ற வழக்கு: வீரமந்திரியின் மாற்றுத் தீர்ப்பு

தீர்ப்பொன்றை இலக்கியம்போல் வாசிக்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நம் நாட்டவரான நீதியரசர் சி. ஜி. வீரமந்திரியை வாசித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1995 மார்ச்சில் ஸ்பெயினின் ‘எஸ்தாய்’ என்ற மீன்பிடிக் கப்பலைத் தன் கரையிலிருந்து சுமார் 245 மைல் தூரத்தில், ஆழ்கடலில் வைத்துக் கனடா பிடித்தது. ஸ்பெயின் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால், அப்பகுதியில் தான் எடுக்கும் மீன்வளப் பாதுகாப்பு நடவடிக்கைகள் பற்றி வழக்காட இணங்கவில்லை என்று கனடா முந்திய ஆண்டே எழுதிவைத்திருந்தது. 1998 டிசம்பர் 4இல், 12க்கு 5 என்ற வாக்கில், விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது மன்று. அந்த ஐவரில் ஒருவர் வீரமந்திரி.

பெரும்பான்மையின் வாதம் எளிது: இணக்கமில்லையேல் அதிகாரமில்லை, செயல் சட்டபூர்வமானதா என்பது வேறு கேள்வி. வீரமந்திரியோ, தன் விருப்பத்தோடு உள்ளே வந்த அரசின் மேலும் சட்டத்தின் ஆட்சி உண்டு. ஆழ்கடற் சுதந்திரம் போன்ற அடிப்படையை மீறியதான முறைப்பாட்டை ஒரு விலக்குவாசகம் மூடிவிடக்கூடாது என்கிறார்.

1988இல் இஸ்லாமியச் சட்டவியல் பற்றி நூல் எழுதியவர் அவர். நமது ஃபிக்ஹின் சொல்லில் பார்ப்போம். தஹ்கீமில் இரு தரப்பும் ஒப்பினால்தான் நடுவர். காழிக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. ஹேக் மன்று தஹ்கீமுக்கே கிட்ட. வீரமந்திரி அதைக் காழியாக்கப் பார்க்கிறார். இங்கேதான் எனக்கு அவரோடு முரண். நீதிபதி வாசலைத் தள்ளித் திறந்தால், அரசுகள் தந்த இணக்கத்தையே திரும்பப் பெற்றுவிடும்.

என்றாலும் பெரும்பான்மையோடும் முழுதாகப் போக மனம் வரவில்லை. வடமராட்சியில் இழுவைப்படகுக்கு வலையைப் பறிகொடுத்த ஒருவர், “ஆரிட்டப் போய்ச் சொல்லுறது, சேர்?” என்று கேட்டார். இந்தியா தனது 1974ஆம் ஆண்டுப் பிரகடனத்திலேயே பொதுநலவாய நாடுகளை விலக்கி வைத்தது. அந்த விலக்கின்படியே 2000 ஜூனில் பாகிஸ்தானின் விமான வழக்கு 14க்கு 2 எனத் திருப்பப்பட்டது; மாறுபட்ட இருவரில் ஒருவர் ஜோர்தானின் அல் கஸாவ்னே. இலங்கை அப்படியொரு பிரகடனமே செய்ததில்லை.

1990 ஒக்டோபரில் சாவகச்சேரியிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகத்தின் பிள்ளை நான். அரசுகள் மட்டுமே போகக்கூடிய அந்த மன்றில் எங்களுக்கு இடமேயில்லை. அதிகாரமில்லை என்பதால் அநியாயம் நடக்கவில்லை என்றாகாது. பெரும்பான்மையும் இதை மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டது. வீரமந்திரி நிறுத்தவில்லை. சட்டவாதமாக அவர் எழுத்தில் குறை காண்கிறேன். ஆனாலும் அதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன்.