முயலும் அட்டைப் பெட்டியும்

அமெரிக்க ஓவியர் ஆன்ட்டனெட் போர்ட்டிஸ் 2006இல் எழுதி வரைந்த ‘நாட் எ பாக்ஸ்’ புத்தகத்தின் மேலட்டையே பார்சல் பெட்டி மாதிரி பழுப்பாக இருக்கும்.

உள்ளே ஒரு முயல், ஒரு காலிப் பெட்டி. இரண்டும் தடித்த கறுப்புக் கோடுகள்தான். பெட்டிக்குள் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரோ கேட்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் அதே பெட்டியின் மேல் சிவப்புக் கோடுகள் ஏறி, ரேஸ் கார் ஆகிவிட்டிருக்கிறது! மேலே ஏறி நின்றால் மலை. குழாயால் தண்ணீர் அடித்தால் தீப்பிடித்த கட்டடம். மாட்டிக்கொண்டால் ரோபோ. கறுப்பில் இருப்பது பெரியவர்கள் பார்ப்பது, சிவப்பில் இருப்பது பிள்ளை பார்ப்பது. இதை விளக்கி ஒரு வரிகூட இல்லை, தேவையும் இல்லை. படம் பார்க்கத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் அது புரியும்.

கேள்வி கேட்பவர் கடைசிவரை படத்தில் வருவதே இல்லை. வாசித்துக் காட்டுகிற நம் குரலே அவர் குரலாகிவிடுகிறது. புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த முறை வீட்டுக்கு ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்தால், பெட்டியை உடனே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சலிக்கும்வரை கூடத்திலேயே கிடக்கட்டும்.