மறைதலே நடிப்பாக: அலெக் கின்னஸின் திரைக்கலையும் அதன் எல்லையும்

முன்னுரை

இங்கிலாந்து நடிகர் அலெக் கின்னஸ் (1914–2000) இருபதாம் நூற்றாண்டுத் திரைக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். ஒரே படத்தில் எட்டு வேடம் புனைந்தவர்; 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்திற்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது பெற்றவர்; 1959ஆம் ஆண்டில் 'சர்' பட்டம் வழங்கிச் சிறப்பிக்கப்பட்டவர். அவரைப் பற்றி எழுதியோர் பலரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர்: அவர் தம்மை மறைத்துக்கொண்டு வேடமாகவே ஆகிவிடுபவர் என்பதே அது. இப்பாராட்டை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தன்னை மறைத்தல் என்னும் இத்திறன் எவ்விடத்தில் கலையாகிறது, எவ்விடத்தில் அது பிறரை மறைப்பதற்குத் துணைபோகிறது என்னும் வினா எழுப்பப்பட வேண்டியதாகும். சயாம் மரண இரயில் பாதையில் உறவினரை இழந்த குடும்பங்கள் வாழும் இம்மண்ணில் இது வெறும் திரையியல் வினாவன்று. கின்னஸின் வாழ்வையும் முதன்மையான படங்கள் சிலவற்றையும் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயரும் பிறப்பும்

கின்னஸ் 1914 ஏப்ரல் 2ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெற்றிடமாகவே இருந்தது. தாயார் ஆக்னஸ் கஃப் பின்னர் ஸ்டிவன் என்பவரை மணந்தமையால், சிறுவன் சில ஆண்டுகள் ஸ்டிவன் என்ற பெயரைத் தாங்கினான்; பதின்ம வயதிலேயே தன் பெயர் கின்னஸ் என்பதை அறிந்துகொண்டான். தந்தை யாரென்னும் வினாவுக்கு வாழ்நாள் முழுதும் உறுதியான விடை கிட்டவில்லை. 1985இல் வெளிவந்த தன்வரலாற்றில் இவற்றை அவர் தன்னிரக்கமின்றி எழுதியுள்ளார்.

இளமையின் இவ்வெற்றிடமே அவருடைய நடிப்புக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. அத்தகைய உளவியல் சுருக்கம் திறனாய்வுக்குப் போதாது. பெயர் தெரியாதோர் பலர் உளர். அவர்கள் எல்லாரும் நடிகராவதில்லை. கின்னஸ் பெற்ற பயிற்சியையும் உடன் நோக்குதல் வேண்டும். விளம்பர நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணியாற்றிய இளைஞர், மார்டிட்டா ஹன்டிடம் பாடம் பயின்று, ஃபே காம்ப்டன் நாடகப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். ஜான் கில்குட் அவருக்கு 1934இல் 'ஹாம்லெட்' நாடகத்தில் சிறு வேடமொன்றை அளித்தார். 1938இல் டைரோன் கத்ரி இயக்கத்தில், இக்கால உடையணிந்த ஹாம்லெட்டாக அவரே தோன்றினார். மேடையில் குரலாலும் நடையாலும் பாத்திரத்தைக் கட்டியெழுப்பக் கற்றவர் அவர். அக்கல்வியின் சிக்கனமே பின்னர்த் திரையில் அவருடைய வலிமையாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படையில் பணியாற்றி, 1943இல் சிசிலித் தரையிறக்கத்தின்போது படகொன்றுக்குத் தலைமை தாங்கினார். பின்னாளில் பல படங்களில் படை அதிகாரியாக நடித்தவர், படை வாழ்வின் ஒழுங்கையும் அபத்தத்தையும் நேரில் கண்டவர் என்பது கருதத்தக்கது.

எண்மர் ஒருவராதல்

1949இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' கின்னஸின் புகழை நிலைநிறுத்தியது. பிரபுக் குடும்பமொன்றின் வாரிசுகளை ஒருவர்பின் ஒருவராகக் கொன்று பட்டத்தை அடைய முயலும் இளைஞனின் கதை அது. கொல்லப்படும் குடும்பத்தைச் சேர்ந்த எண்மரையும் கின்னஸே நடித்தார். படைத்தலைவர், கடற்படைத் தலைவர், சமயகுரு, பெண்ணுரிமைப் போராளியான சீமாட்டி என அவ்வேடங்கள் விரிகின்றன. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோக்கோம்ப், ஒரே படச்சுருளில் பலமுறை ஒளியேற்றி, தேவாலயக் காட்சியில் அறுவரை ஒருசேர அமரவைத்தார்.

இப்படத்தில் நாம் வியப்பது வேடங்களின் எண்ணிக்கையை மட்டுமன்று. எட்டு முகங்களும் வேறுபட்டிருப்பினும் ஒரே குருதியின் மந்தமும் செருக்கும் அவற்றுள் ஓடுகின்றன. ஒரு வர்க்கத்தின் முகங்கள் அனைத்தும் அடிப்படையில் ஒன்றே என்னும் அங்கதத்தை உரையாடலின் துணையின்றி நடிப்பே நிறுவுகிறது. இங்கு நடிகர் மறைவது ஒரு சமூகத்தைத் தெளிவாகக் காட்டுவதற்காகவே. 1951இல் வெளிவந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்', 'தி மேன் இன் த ஒயிட் சூட்' ஆகிய ஈலிங் படங்களிலும் இப்பண்பைக் காண்கிறோம். முன்னதில் தங்கக் கட்டிகளைக் கொள்ளையிடத் திட்டமிடும் பணிவான வங்கி ஊழியர். பின்னதில் அழுக்குப் படியாத, கிழியாத துணியைக் கண்டுபிடித்து, ஆலை முதலாளிகளாலும் தொழிலாளராலும் ஒருசேரத் துரத்தப்படும் அறிவியலாளர். எவர் கண்ணிலும் படாத மனிதரின் உள்ளே எரியும் கனலைக் காட்டுவதில் கின்னஸுக்கு நிகரானோர் மிகச் சிலரே.

குவாய்: பெருமிதத்தின் வீழ்ச்சி

டேவிட் லீன் 1957இல் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', பியர் பூல் எழுதிய பிரெஞ்சு நாவலைத் தழுவியது, இலங்கையில் படமாக்கப்பட்டது, சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் உடலுழைப்பில் ஈடுபட வேண்டியதில்லை என்னும் ஜெனீவா விதியைப் பற்றிக்கொண்டு வதையைத் தாங்குகிறார். வென்றபின், தம் வீரரின் ஒழுங்கையும் பிரிட்டிஷ் திறமையையும் மெய்ப்பிக்கவென்று, பகைவருக்காகவே உறுதியான பாலத்தைக் கட்டி முடிக்கிறார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், பெருமிதம் தோன்றும் களன்களாகக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கைச் சுட்டுகிறது. இவ்வகைப்பாடு நிக்கல்சனை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது. படத்தின் முற்பாதியில் அவருடைய பெருமிதம் தறுகண்ணிலிருந்து பிறக்கிறது. தகரக் கொட்டடியிலிருந்து வெளிவந்து, தளர்ந்த கால்களை நிமிர்த்தி அவர் நடக்கும் நடை அதன் உச்சம். இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்ட தம் மகன் மீண்டும் நடக்கப் பழகிய விதத்தை நினைவில் கொண்டே அந்நடையை அமைத்ததாகக் கின்னஸ் கூறியுள்ளார். பிற்பாதியில் பெருமிதத்தின் களன் புகழாக மாறுகிறது. பிரிட்டிஷ் படைவீரர் கட்டியதெனப் பொறித்த பலகை பாலத்தில் அறையப்படுகிறது. பணிமுடிக்கும் நாள் நெருங்கியதும், எந்த விதிக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ அதை விடுத்து அதிகாரிகளையும் வேலைக்கு இறக்குகிறார். மருத்துவக் கொட்டகைக்குச் சென்று நோயாளிகளையும் அழைக்கிறார். தறுகண் புகழாக உருமாறும் அப்புள்ளியை எந்தப் பெரும்பேச்சும் அறிவிப்பதில்லை. கின்னஸின் முகத்தில் முன்பிருந்த அதே அமைதிதான் நிலவுகிறது. அதன் பொருளோ முற்றிலும் தலைகீழாகிவிட்டது. இறுதிக் காட்சியில், தாம் செய்ததை அவர் உணரும் கணம் சில நொடிகளே நீடிக்கிறது. வெடிமருந்துக் கருவியின் மேல் அவர் விழுவது விருப்பத்தாலா, தற்செயலாலா என்பதையும் நடிப்பு தெளிவுபடுத்தவில்லை. அத்தெளிவின்மை குறையாகாது; தன்னையே அறியாத மனிதருக்கு அதுவே பொருந்திய முடிவு.

சட்டகத்தின் வெளியே

இத்துணைச் சிறந்த நடிப்பே நம் வினாவைக் கூர்மையாக்குகிறது. வரலாற்றில் அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிவுற்றது. நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை கைதிகளினும் பன்மடங்கு மிகுதி. அவர்களுள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழர் இவர்களுள் அடங்குவர். போர்க்கைதிகளுக்குப் படைப்பதிவேடுகள் இருந்தன. மருத்துவரும் அதிகாரிகளும் உடனிருந்தனர். தமிழ்த் தொழிலாளருக்கு இவை ஏதும் இருந்ததில்லை. அதனாலேயே மதிப்பீடுகளும் வேறுபடுகின்றன.

படத்தில் இத்தொழிலாளர் இல்லை. ஆசியராக நாம் காண்பவர் ஜப்பானியப் படையினரும், சயாமியச் சிற்றூர் மக்களும், நேச நாட்டு வீரர்க்குச் சுமை தூக்கும் பெண்களுமே. கதை ஒரு முகாமைப் பற்றியது, முழுப் பாதையையும் பற்றியதன்று என்று சமாதானம் கூறலாம். அதில் நியாயமுண்டு. போர்க்கைதிகளும் இப்படத்தில் குறை கண்டனர். தாமர்க்கான் முகாமில் மூத்த அதிகாரியாயிருந்த பிலிப் டூசி, பகைவருக்கு மனமுவந்து உழைத்தவரல்லர். வேலையைக் கெடுக்கும் வழிகளை ஊக்குவித்தவர் என்பதை அவருடனிருந்தோர் எடுத்துரைத்தனர். அவர்களுடைய மறுப்பு ஆங்கிலத்தில் ஒலித்தது, நூல்களாயிற்று. தோட்டத் தமிழரின் மறுப்பு நெடுங்காலம் வீட்டுத் திண்ணைகளில் மட்டுமே ஒலித்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அக்குரலுக்கு எழுத்து வடிவம் தந்தன.

நடிகரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. திரைக்கதையையோ சட்டகத்தின் எல்லையையோ வகுத்தவர் கின்னஸ் அல்லர். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிக்கல்சனின் குற்றம், பாலத்தை மட்டுமே கண்டு, அது எதற்காக, எவர் உயிரின்மேல் கட்டப்படுகிறது என்பதைக் காணாமை. படம் அக்குருட்டுத்தன்மையைக் கண்டிக்கிறது; கண்டித்துக்கொண்டே தானும் அதற்கு ஆளாகிறது. கின்னஸின் நடிப்பு ஓர் ஆங்கிலேய அதிகாரியின் அகத்துயரை அத்துணை முழுமையாக்கிவிட்டமையால், அப்பாதையின் கதை அவருடைய கதையே என்று உலகம் நம்பிவிட்டது.

பிறர் முகம்

தன்னை மறைக்கும் கலை பிற இனத்தார் முகத்தைப் புனையும்போது அதன் எல்லை இன்னும் தெளிவாகிறது. 1948இல் லீன் இயக்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில், குரூக்‌ஷாங்கின் பழைய ஓவியங்களை அடியொற்றி, பெரிய செயற்கை மூக்குடன் யூதப் பாத்திரமான ஃபேகினாகக் கின்னஸ் தோன்றினார். யூதப் படுகொலை நிகழ்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், 1949இல் பெர்லினில் அப்படத்திற்கு எதிர்ப்புக் கிளம்பியது. அமெரிக்காவில் சில பகுதிகள் நீக்கப்பட்டு 1951இல்தான் வெளியாயிற்று. ஓவியத்துக்கு உண்மையாயிருத்தலும் மனிதருக்கு உண்மையாயிருத்தலும் ஒன்றல்ல என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

ஆயினும் 1961இல் 'எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்' படத்தில் ஜப்பானிய வணிகராகவும், 1962இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் இளவரசர் ஃபைசலாகவும், 1984இல் 'எ பேசேஜ் டு இந்தியா'வில் பேராசிரியர் கோட்போலேயாகவும் அவர் நடித்தார். இவற்றை ஒரே தராசில் நிறுப்பது முறையன்று. ஃபைசல் பாத்திரம் அரசியல் நுண்ணறிவுடன் எழுதப்பட்டது. அவருடைய அடக்கத்துக்குப் பின்னே கணக்கிடும் மனமொன்று இயங்குவதை உணர்கிறோம். கோட்போலேயின் நிலை வேறு. ஃபாஸ்டரின் நாவலில் அவர் தக்காணப் பிராமணர். பக்தி மரபொன்றின் உள்ளிருந்து பேசுபவர். திரையிலோ கூப்பிய கை, அமைதியான பார்வை, தாங்கிய நடை ஆகிய புற அடையாளங்களே எஞ்சுகின்றன. அவர் பயின்று நடித்த நடனப் பகுதியும் தொகுப்பில் நீக்கப்பட்டது. விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத் ஆகியோர் அதே படத்தில் நடித்திருக்க, சாயம் பூசிய முகமொன்று அவர்களிடையே அமர்ந்திருப்பது அந்நாளிலேயே உறுத்தியது.

இங்கு ஒரு நுட்பத்தைச் சுட்டுதல் தகும். 1979இல் பிபிசி தொலைக்காட்சியில் வெளிவந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரில் உளவாளர் ஜார்ஜ் ஸ்மைலியாகக் கின்னஸ் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், கேட்கிறார், காத்திருக்கிறார். அம்மௌனத்தைச் சிந்தனை என்று நாம் உணர்கிறோம். கோட்போலேயின் மௌனமும் ஏறத்தாழ அதே உத்திகளால் ஆனது. அதுவோ கீழை நாட்டு மர்மம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஸ்மைலியின் உலகைக் கின்னஸ் அறிந்திருந்தார். ஆகவே மறைத்தற்கு அவரிடம் ஒன்று இருந்தது. கோட்போலேயில் மறைத்தற்கு ஒன்றும் இல்லை.

முடிவுரை

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' கின்னஸைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. அது செல்வம் தந்தது; அதன் புகழோ அவருக்குச் சலிப்பையே தந்தது. 1980இல் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. 2000 ஆகஸ்டு 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவருடைய சிறந்த நடிப்பு, தாம் பிறந்த சமூகத்தின் மனிதரை உள்ளிருந்து நோக்கியபோதே மலர்ந்தது எனலாம். ஈலிங் எழுத்தர், நிக்கல்சன், ஸ்மைலி ஆகியோர் அதற்குச் சான்று. வெளியிலிருந்து நோக்கிப் பிறர் முகத்தை அணிந்தபோது, ஃபைசல் நீங்கலாக, கலை ஒப்பனையளவில் நின்றது. ஆசிரியர்கள் குவாய்ப் படத்தை வகுப்பறையில் பயன்படுத்துவதாயின், மேற்குறித்த இரு நாவல்களுள் ஒன்றையேனும் உடன்வைத்துக் கற்பித்தல் நலம். கின்னஸின் நடிப்பை மாணவர் வியக்கட்டும், அது வியப்புக்குரியதே. அதே வகுப்பில், அப்பாலத்தில் உழைத்த நம் பாட்டனார் எந்தக் காட்சியில் நிற்கிறார் என்றும் அவர்கள் கேட்கட்டும்.